ஜூலைத் தாள்

விஸ்வநத்தம் சின்னச்சாமியின் மகள் ரோஜாவுக்குச் சிங்களம் தெரியாது. ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் பன்னிரண்டு வருடமாக அவள் சிங்களத்தில் காலண்டர் அடித்துக்கொண்டிருந்தாள். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பத்துப் பேர் சுற்றி நின்று கேட்ட நாளில், சொல்லிக்கொண்டிருந்த அவளுக்கே அது நம்பக்கூடியதாகப் படவில்லை.

சின்னச்சாமிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவர் மனைவி இருளம்மாள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் வெடிமருந்தைத் தொடக் கூடாது என்பதில் மட்டும் புருசனும் பெண்டாட்டியும் எப்போதும் ஒரே பேச்சு. மூத்தவன் பிரபாகரன் டிரைவரானான். ரோஜா பிளஸ் டூ முடித்துக் கம்ப்யூட்டர் படித்து, சிவகாசியில் ரத்தினசாமி அண்ணாச்சியின் அச்சகத்தில் சேர்ந்தாள். முதலில் கல்யாணப் பத்திரிகை, பிறகு பட்டாசுப் பெட்டி லேபிள். கொழும்பு ஆர்டரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று திருப்பூருக்குப் போய்விட, அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டுப் பழைய காலண்டர் ஒன்றை மேசையில் விரித்தார்.

"இத எழுத்துன்னு நெனைக்காத. கோலம் போடுவேல்ல? கோலம்னு நெனைச்சுக்கோ. அம்புட்டுத்தான்."

அவள் அப்படியே நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பேர் வைத்தாள். ஒன்று ஜிலேபி, ஒன்று நத்தை, ஒன்று காது, இன்னொன்று கழுத்தைத் திருப்பிக்கொண்ட வாத்து. கொழும்பிலிருந்து மெயிலில் வரும் தாளையும் தன் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாத்துக்கு வாத்து, நத்தைக்கு நத்தை சரிபார்ப்பாள். மாதத்துக்கு ஒரு நாள் மஞ்சள் வட்டம் போட வேண்டும். அது அவர்களுக்குப் பௌர்ணமி விடுமுறை என்பது மட்டும் புரிந்தது. மற்றதெல்லாம் கோலம்தான்.

மெயில் எழுதுகிற ஆளின் பெயர் காமினி. ஐந்து வருடம் ரோஜா அதைப் பெண்பிள்ளை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். 'மேடம், பிழை திருத்தியாச்சு' என்று எழுதுவாள். மறுப்பே வராது. ஒரு ஆகஸ்டில் அண்ணாச்சியின் காரிலிருந்து அடர்ந்த மீசையோடு ஒரு கனத்த மனிதர் இறங்கி, "நான்தான் அந்த மேடம்" என்று சொன்னபோது அச்சகமே சிரித்தது. கொழும்பில் பள்ளி நோட்டும் காலண்டரும் மொத்த வியாபாரம் செய்கிறவர். கடைத்தெருவில் கற்றுக்கொண்ட தமிழ். சிங்களம் படிக்கத் தெரிந்தவர்கள் செய்கிற வேலையை விட ரோஜாவின் வேலையில் பிழை குறைவு, தெரிந்தவன் வாசித்துக்கொண்டு ஓடிவிடுகிறான், தெரியாதவள்தான் எழுத்தைப் பார்க்கிறாள் என்று சொல்லி, அவள் கையில் இரண்டு தேயிலைப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார்.

காலண்டர் பண்டல்களைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோவது பிரபாகரனின் லோடு வண்டி. அந்த ஒரு லோடுக்கு மட்டும் அவன் பேர் பிரபாகரன் இல்லை. ஒரு தடவை கொழும்புத் துறைமுகச் சுங்க ஆபீசில் யாரோ அந்தப் பேரைப் பார்த்துவிட்டு, சிரித்தானோ முறைத்தானோ தெரியாது, பண்டல்களை அவிழ்த்துப் பார்க்காமல் விட மாட்டேன் என்று நான்கு நாள் போட்டுவிட்டான். அதிலிருந்து அண்ணாச்சி பேப்பரில் 'சி. பிரபு' என்றே எழுதச் சொல்லிவிட்டார். பேப்பரில் எழுதுவதால் ஆள் மாறிவிடப் போகிறானா என்றார். பிரபாகரன் சரி என்றான். ஆனால் அந்த லோடு ஏற்றுகிற அன்றைக்கு வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் அந்த ஆர்டர் நின்றுபோனது. அங்கே காகிதம் வாங்கக்கூட நாட்டின் கையில் டாலர் இல்லை என்றார்கள். காலண்டர் தலைப்பில் தகரம் அடிக்கும் பகுதியிலிருந்து பதினெட்டுப் பெண்கள் அந்த சீசனில் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வருடம் கழித்து நாற்பதாயிரம் காலண்டர் என்று மெயில் வந்தபோது, அண்ணாச்சி பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் திரும்பி வந்தார்கள்.

அந்த முறை ஜூலை மாதத் தாளில் காமினி புதிதாக ஒன்று சேர்க்கச் சொல்லியிருந்தார். மூலையில் தபால் தலை அளவுக்கு ஒரு படம். தொப்பி போட்ட ஒரு பையன், இருபது வயதுக்கு மேல் இருக்காது. படத்துக்குக் கீழே சிங்களத்தில் மூன்று வரி. ரோஜா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். என்.சி.சி. பையன் என்று நினைத்தாள். அவர்கள் கம்பெனி ஏதாவது பள்ளிக்கூடத்துக்கு உதவி செய்திருக்கும் என்று தானாகவே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். மூன்று வரியையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பினாள். பிழை எதுவும் இல்லை.

மிஷினில் முதல் நூறு தாள் கலர் சேராமல் வேஸ்டாகப் போகும். அது கட்டுக் கட்டாக டீக்கடைகளுக்குப் போகும். செப்டம்பரில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பிரபாகரன் வாங்கிய உளுந்த வடை, அந்த ஜூலைத் தாளில் சுற்றி வந்தது. எண்ணெய் படிந்த மூலையில் தொப்பி போட்ட பையன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பியில் சிங்கம் போட்ட சின்னம் இருந்தது. ரோஜாவுக்குத் தெரியாத அந்த இலங்கை ராணுவச் சின்னம் பிரபாகரனுக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயதில் அவன் அப்பா பேப்பரில் வெட்டி ஒட்டி வைத்திருந்த படங்களில் அதைப் பார்த்திருக்கிறான்.

அவன் அதைப் போனில் படம் எடுத்து, தன் கூட்டாளி ராம்குமாருக்கு அனுப்பினான். இது என்னவென்று கேட்டுத்தான் அனுப்பினதாகப் பின்னால் சொன்னான். ராம்குமார் ஒரு தமிழ் அமைப்பின் நகரப் பொறுப்பாளர். அந்த வாரம்தான் ராமேசுவரத்து மீனவர்களை இலங்கைக் கடற்படை நடுக்கடலில் படகோடு பிடித்துக்கொண்டுபோன சேதி வந்து ஊரே கொதித்துக் கிடந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அச்சகத்து வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். சிங்கள ராணுவத்தின் வெற்றி விழாவைச் சிவகாசியில் அச்சடிக்கிறார்கள் என்று அதற்குள் எல்லாருடைய போனிலும் வந்துவிட்டது.

அண்ணாச்சி அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை. இதை யார் அடித்தது என்று கேட்டார்கள். ரோஜா எழுந்து வந்தாள். அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று ராம்குமார் கேட்டான். தெரியாது என்றாள்.

"எத்தனை வருசமா அடிக்கிறீக?"

"பன்னெண்டு வருசமா."

"பன்னெண்டு வருசமா தெரியாமலா அடிக்கிறீக?"

வாத்து, நத்தை என்று சொல்ல முடியுமா. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அதை வாய் விட்டுச் சொன்னால் பொய் போலத்தான் இருக்கும் என்றும் தோன்றியது. கூட்டத்துக்குப் பின்னால், கேட்டுக்கு வெளியே, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் அண்ணன் நின்றான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

போன் போட்டுக் கேட்கிறேன் என்று அண்ணாச்சி சொன்னபோது, அந்த ஆள் எதையாவது மாற்றிச் சொல்லுவான், எங்களுக்கு வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் தகரம் அடிக்கும் பக்கத்திலிருந்து தவமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

தவமணியக்கா சிவகாசிக்குப் பக்கத்து அகதிகள் முகாமில் இருக்கிறவள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்களில் ஒருத்தி. ஒன்பது வருடமாக ரோஜாவோடு ஒரே இடத்தில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிறவள். பேச்சுக்கூட முக்கால்வாசி இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. அவள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தனக்கு வாசிக்கத் தெரியும் என்றும், பிறந்து பன்னிரண்டு வயது வரைக்கும் அனுராதபுரத்தில் இருந்ததாகவும், அங்கே அப்பா பாத்திரக்கடை வைத்திருந்ததாகவும், பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்ததாகவும் சொன்னாள். ஒன்பது வருடம் இந்தத் தாள்களுக்குத்தான் தவமணி தகரம் அடித்திருக்கிறாள். ஒரு நாள்கூடத் தெரியும் என்று சொன்னதில்லை.

தவமணி முதலில் சிங்களத்திலேயே வாசித்தாள். ரோஜா தன் வாத்துகளும் நத்தைகளும் ஒலியாக வருவதை முதல் தடவையாகக் கேட்டாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"என் தம்பி ருவன். தொண்ணூற்றாறு ஜூலையில் முல்லைத்தீவில் போனவன். உடல் வரவில்லை."

வேறொன்றும் இல்லையா என்று ஒருவன் கேட்டான். இல்லை என்றாள். வெற்றி, விழா, அப்படி எதுவும் இல்லையா. இல்லை, மூன்றே வரி.

கோஷம் போட வந்தவர்கள் துக்க வீட்டு வாசலுக்கு வந்துவிட்டவர்களைப் போல நின்றார்கள். ராம்குமார்தான் சுதாரித்தான். தம்பியோ யாரோ, அவன் ஆர்மிக்காரன், நம் சனங்களைக் கொல்லப் போன இடத்தில்தானே செத்தான் என்றான்.

"ஓம், ஆமிக்காரன்தான்" என்றாள் தவமணி. அவள் பேச்சு மாறியிருந்தது. ரோஜா அதுவரை கேட்டிராத பேச்சு. "எங்கட அண்ணாவைத் தொண்ணூறில ஆமிதான் கூட்டிக்கொண்டு போனது. அவற்ற உடலும் வரேல்ல."

"அப்ப நீங்களே சொல்லுங்கக்கா. இத இங்கன அச்சடிக்கலாமா?"

"அத என்னட்டக் கேக்காதேங்கோ, தம்பி. வாசிக்க ஆள் வேணுமெண்டு சொன்னியள். வாசிச்சன்."

தாளை மடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு அவள் தன் இடத்துக்குப் போனாள். சிறிது நேரத்தில் அங்கிருந்து தகரம் அடிக்கும் சத்தம் மறுபடி கேட்டது.

ராம்குமார் தன் ஆட்களோடு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான். படமும் வரியும் இருக்கக் கூடாது, எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை என்றான். அவன் குரலில் வந்தபோது இருந்த வேகம் இல்லை. அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு காமினிக்கு அவர் போன் செய்தபோது ரோஜா பக்கத்தில் இருந்தாள். விசயத்தை அண்ணாச்சி சுற்றி வளைத்துச் சொன்னார்.

"எடுங்க. பரவாயில்ல" என்றார் காமினி. பிறகு, "அம்மாவுக்கு இந்த வருசம் எண்பது. அவங்க கேட்டாங்க, அதான் போட்டது" என்றார்.

ஜூலைத் தாள் நாற்பதாயிரத்தையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. திரையில் படத்தை எடுப்பதற்கு ரோஜாவுக்கு ஒரு நொடி போதும். ஆனால் அன்று மதியம் முழுவதும் அவள் அதைச் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். இவன் யாரைச் சுட்டானோ தெரியாது. சுட்டவனாகத்தான் இருப்பான். தவமணியக்காவின் அண்ணனைக் கூட்டிக்கொண்டுபோனது இவனாக இருக்க முடியாது, வயது ஒத்துவராது. ஆனால் இவனைப் போல ஒருவன்தான். அப்படியானால் கோபம் வர வேண்டும். வரவில்லை. கோபம் வராதது தப்போ என்று வேறு ஒரு பயம் வந்தது. கடைசியில் சாயந்திரம் படத்தை எடுத்தாள். அந்த இடத்தில் ஏதாவது பூவைப் போடம்மா என்றார் அண்ணாச்சி. எந்தப் பூவைப் போட்டாலும் அது ஏதோ சொல்லுவது போலவே இருந்ததால், வெறுமையாக விட்டுவிட்டாள்.

கை கழுவுகிற இடத்தில் தவமணி கேட்டாள்.

"எடுத்திட்டியா?"

"எடுத்துட்டேங்க்கா."

"நல்லது" என்றாள். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். போகும்போது, "பாவம்" என்றாள். அந்த இரண்டு சொல்லில் எது தவமணி தனக்கே சொல்லிக்கொண்டது, எது அந்தப் பையனுக்கு என்று ரோஜாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் அண்ணனும் தங்கையும் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவனே வந்து, உன்னை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன் என்றான். பிறகு வேறொன்றும் சொன்னான்.

"அவங்க ஆர்மிக்காரன் படம் காலண்டர்ல ஜம்முனு ஏறுது. எம் பேர மட்டும் பேப்பர்ல வெட்டணுமாக்கும். அந்த எரிச்சல்தான்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளுக்கு அதுதான் தொந்தரவாக இருந்தது. யார் பேசினாலும் அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பது போல இருந்தது.

அப்பா சின்னச்சாமி இரண்டாயிரத்து ஒன்பதில் ஈழப் போரை நிறுத்தச் சொல்லி மூன்று நாள் வேலைக்குப் போகாமல் பந்தலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தவர். மகனுக்கு அந்தப் பேரை வைத்தது அதற்கு இருபது வருடத்துக்கு முன்னால். ஆனால் மகள் பன்னிரண்டு வருடமாகக் கொழும்புக்குக் காலண்டர் அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டு முன்னறைக்கு ஓடு மாற்றித் தளம் போட்டது அந்த ஆர்டர் சீசன்களின் ஓவர்டைம்தான். அவள் அவரிடம் நேராகவே கேட்டாள். நான் செய்தது தப்பாப்பா?

அவர் அந்தத் தளத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அவனுக்குப் பேரு வச்சது தப்புன்னு எனக்கு அன்னைக்கும் படல, இன்னைக்கும் படல. ஒன் சம்பளமும் தப்புன்னு படல. ரெண்டையும் எங்கன கொண்டுபோய்ச் சேத்து வைக்கன்னுதான் தெரியல, தாயி."

பதில் என்று அவளுக்கு அது போதவில்லை. ஆனால் அவரிடம் அதற்கு மேல் இல்லை என்பது தெரிந்தது.

காலண்டர்கள் நவம்பரில் துறைமுகம் போய்ச் சேர்ந்தன. அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டிசம்பர் நடுவில் காமினியிடமிருந்து அண்ணாச்சிக்கு ஒரு மெயில் வந்தது. வாசலில் பத்துப் பேர் நின்ற வீடியோ அங்கேயும் போய்விட்டதாம். ராணுவத்தில் செத்தவனின் படத்தைத் தமிழர்கள் கிழித்துப் போட்டார்கள் என்று அதற்கு யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் இந்தியக் காலண்டர் வேண்டாம் என்று பண்டல்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். யாரும் கிழிக்கவில்லை என்று தான் சொல்லிப் பார்த்ததாகவும், கேட்பாரில்லை என்றும், அடுத்த வருட ஆர்டரைச் சீனாவில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். ரோஜாவுக்கு வணக்கம் என்று கடைசியில் ஒரு வரி.

அண்ணாச்சி அதை இரண்டு தடவை வாசித்தார். "நம்ம ஆளுகளுக்கு நாம துரோகி. அவன் ஆளுகளுக்கு அவன் துரோகி. வேலை மட்டும் சீனாக்காரனுக்கு" என்றார். அவர் கோபமாகச் சொன்னாரா, சலிப்பாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. பதினாறு பெண்களில் பதினைந்து பேருக்குத் தை மாதத்தோடு வேலை நின்றது. சிலர் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போனார்கள். தவமணியை மட்டும் பைண்டிங்கில் வைத்துக்கொண்டார்கள். அதற்கு அண்ணாச்சி காரணம் எதுவும் சொல்லவில்லை. அது சரியா என்று போனவர்களில் இரண்டு பேர் கேட்டதும் உண்மை. ராம்குமாரின் சொந்த அத்தை பாலம்மாள் அந்த இரண்டு பேரில் ஒருத்தி. அவன் ஒரு நாள் அச்சகத்துக்கு வந்து, அத்தைக்கு வேறு வேலை ஏதாவது உண்டா என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுப் போனான்.

ரோஜா பட்டாசு லேபிளுக்குத் திரும்பினாள். தமிழும் இங்கிலீஷும் அடிப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. கண் எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மனசு வாசித்துவிடுகிறது. முன்பெல்லாம் வராத பிழைகள் வந்தன.

மார்ச்சில் ஒரு மதியம் அவள் போனுக்கே காமினி பேசினார். வியாபாரப் பேச்சு இல்லை. சுகம் விசாரித்தார், அங்கே வெயிலா மழையா என்று கேட்டார். பிறகு, அந்த மூன்று வரியை வாசித்துச் சொன்னது யார் என்று கேட்டார். எங்கள் பைண்டிங்கில் வேலை செய்கிற அக்கா, சின்ன வயதில் அனுராதபுரத்தில் இருந்தவர் என்றாள் ரோஜா. அப்பா அங்கே பாத்திரக்கடை வைத்திருந்தாராம் என்றும் சொன்னாள்.

"அனுராதபுரத்துல எந்தத் தெரு, ரோஜா மிஸ்? எங்க அம்மாவோட ஊர் அது. அவங்களுக்குப் பழைய கடை எல்லாம் ஞாபகம்."

தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

தவமணி பசை தடவிக்கொண்டிருந்தாள். ரோஜா விசயத்தைச் சொன்னாள். தவமணி தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தாள். அந்தக் கடை எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் எரிந்துபோனது என்றும், கொளுத்தியது வெளியூர்க்காரர்கள், கதவைக் காட்டிக்கொடுத்தது தெருக்காரர்கள் என்றும், இரண்டு நாள் அவர்களை ஒளித்துவைத்துச் சோறு போட்டதும் அதே தெருக்காரர்கள்தான் என்றும், ரோஜா கேட்காமலே சொன்னாள்.

"தெருப் பேரச் சொல்லவா, அக்கா?"

"சொல்லத்தான் வேணுமோ?" என்றாள் தவமணி. பிறகு, "நாளைக்குச் சொல்லுறன்" என்றாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். தவமணி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். ரோஜாவின் தூக்கிலும் ஊற்றினாள். தெருவைப் பற்றி அவள் பேசவில்லை, ரோஜாவும் கேட்கவில்லை. கொழும்புக்குத் திரும்பப் பேச வேண்டுமா, பேசினால் என்னவென்று சொல்வது என்று நினைத்தபடியே அவள் தூக்கைக் கழுவி வைத்துவிட்டு தன் கம்ப்யூட்டர் பக்கம் போனாள்.